சரிவுக் காற்றில் பறக்கவிடப் பழக முதல் கிளைடரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலைச்சரிவில் நின்று ரேடியோ கட்டுப்பாட்டுக் கிளைடரைப் பறக்கவிடப் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, எந்தக் கிளைடரை வாங்கலாம் என்பதுதான். அதற்கு விடை சொல்வதற்கு முன் நான் அவர்களிடம் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். நீங்கள் பறக்கவிடப் போகும் சரிவில் பெரும்பாலான நாள்களில் எவ்வளவு காற்று வீசுகிறது? கிளைடர் தவறி விழுந்தால் எதன்மேல் விழும்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். பதில் தெரியாமல் படத்தைப் பார்த்தும் வேகத்தைக் கேட்டும் வாங்கப்பட்ட கிளைடர்கள் பெரும்பாலும் பரணில்தான் கிடக்கின்றன. என்னுடைய முதல் கிளைடரின் கதையும் அதுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

காற்று செய்யும் வேலை

சமவெளியில் வீசிவரும் காற்று ஒரு சரிவில் மோதும்போது, வேறு வழி இல்லாமல் சரிவை ஒட்டியே மேலேறுகிறது. நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று 25 பாகைச் சரிவில் ஏறினால், சரிவின் முகத்துக்கு அருகில் அது நொடிக்குச் சுமார் 2.5 மீட்டர் உயர்கிறது. சிறிய ஃபோம் கிளைடர் ஒன்று அசைவற்ற காற்றில் நொடிக்கு 0.6 முதல் 1 மீட்டர் வரை இறங்கிக்கொண்டிருக்கும். காற்று ஏறும் வேகம் கிளைடர் இறங்கும் வேகத்தைவிட அதிகமாக இருக்கும்வரை, எஞ்சின் எதுவும் இல்லாமலே கிளைடர் வானில் நிற்கும். 1911 அக்டோபர் 24 அன்று ஆர்வில் ரைட் அமெரிக்காவின் கில் டெவில் ஹில்ஸ் மணற்குன்றின் முன்னால் 9 நிமிடம் 45 நொடி எஞ்சினில்லாமல் மிதந்தது இதே ஏற்றக்காற்றை நம்பித்தான். அந்தக் கால அளவை மிஞ்ச ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

மேலே நிற்பது ஒரு நிபந்தனை மட்டுமே. எதிரே வரும் காற்றின் வேகத்துக்கு ஈடுகொடுத்து முன்னே செல்லும் வேகமும் கிளைடருக்கு இருக்க வேண்டும். நொடிக்கு 9 மீட்டர் காற்றில், நொடிக்கு 7 மீட்டர் மட்டுமே பறக்கும் கிளைடர், மூக்கு முன்னே பார்த்திருந்தாலும் தரையைப் பொறுத்தவரை பின்னோக்கித்தான் நகரும். அப்படி நகர்ந்து முகட்டைத் தாண்டிவிட்டால், அங்கே காற்று சுழன்று கீழிறங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சுழலில் சிக்கிய கிளைடரைக் கைதேர்ந்தவர்களாலும் பெரும்பாலும் மீட்க முடியாது.

எடை குறைந்தால் மெல்ல இறங்கும், ஆனால் காற்றை எதிர்த்து முன்னேறாது. எடை கூடினால் முன்னேறும், ஆனால் மெல்லிய காற்றில் நிற்காது. கிளைடர் வாங்கும்போது நாம் உண்மையில் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதைத்தான்.

இறக்கைச் சுமையைக் கணக்கிடுங்கள்

அந்த இடத்தைக் காட்டும் எண்ணுக்கு இறக்கைச் சுமை என்று பெயர். பறக்கத் தயாரான கிளைடரின் மொத்த எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் அது கிடைக்கும். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் அதை ஒரு சதுர டெசிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். ஒரு சதுர டெசிமீட்டர் என்பது 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம். அட்டைப் பெட்டியில் இந்த எண் அச்சிடப்பட்டிருக்காவிட்டாலும் நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஒரு வாலில்லாக் கிளைடரை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 120 சென்டிமீட்டர். நடுவில் இறக்கையின் அகலம் 26 சென்டிமீட்டர், முனையில் 16 சென்டிமீட்டர், சராசரி 21. இரண்டையும் பெருக்கினால் 2520 சதுர சென்டிமீட்டர், அதாவது 25.2 சதுர டெசிமீட்டர். சமையலறைத் தராசில் வைத்தபோது எடை 530 கிராம். வகுத்தால் 21 வருகிறது. இப்படிப்பட்ட கிளைடர் நொடிக்கு 6 முதல் 7 மீட்டர் வேகத்துக்குக் கீழே போனால் தூக்குவிசை அறுந்து தலைகுப்புற விழும். அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலான வேகத்தில், மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி, அது நிம்மதியாகப் பறக்கும்.

இந்த வேகம் இறக்கைச் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற கிளைடர்களையும் எளிதாக மதிப்பிடலாம். சுமை இரண்டு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகாது, சுமார் 1.4 மடங்குதான் ஆகும். 10 கிராம் சுமையுள்ள மெல்லிய கிளைடர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திலும் மிதக்கும். 40 கிராம் சுமையுள்ளது 30 கிலோமீட்டருக்குக் கீழே நிற்கவே நிற்காது. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் எஃப்3எஃப் பிரிவுப் போட்டியில், 100 மீட்டர் தூரத்தைப் பத்து முறை ஓடி முடிக்கும் பந்தயக் கிளைடர்களுக்கு 75 கிராம் வரை அனுமதி உண்டு. பழகுபவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

என் அனுபவத்தில், மணிக்கு 10 முதல் 18 கிலோமீட்டர் காற்றுக்கு 10 முதல் 16 கிராம் வரையும், 18 முதல் 32 கிலோமீட்டர் காற்றுக்கு 17 முதல் 25 கிராம் வரையும் பழகுபவருக்குப் பொருந்துகின்றன. அதற்கு மேல் காற்று வீசினால் பழகுபவர் வீட்டில் இருப்பதே நல்லது என்பதால் அந்த எண்ணை இங்கே தரவில்லை. விளம்பரத்தில் காணப்படும் எடையை அப்படியே நம்பக் கூடாது. பல சமயங்களில் அது பேட்டரி, அசையும் பாகங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான செர்வோ, ட்ரான்ஸ்மிட்டரின் கட்டளையை வாங்கும் ரிசீவர் எதுவும் இல்லாத வெறும் உடலின் எடையாக இருக்கும். சிறிய கிளைடரில் இவை மட்டுமே 100 கிராமைத் தாண்டிவிடும்.

உங்கள் சரிவின் காற்றை வானிலை அறிவிப்பிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முகட்டின் விளிம்பில் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும். கீழே சமவெளியில் 18 என்று காட்டும் நாளில் விளிம்பில் 25 இருப்பது சாதாரணம். கையடக்கக் காற்றுமானி ஒன்றைத் தலை உயரத்தில் பிடித்து, கிளைடர் வாங்குவதற்கு முன்பே நாலைந்து நாள்கள் அங்கே போய் அளந்து எழுதிவைப்பது, பிறகு செய்யும் எந்தச் செலவையும்விடப் பயனுள்ளது. காற்று சரிவுக்கு நேராக வருகிறதா என்பதையும் அப்போதே கவனிக்கலாம். நேர்திசையிலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்ந்து வந்தால் ஏற்றக்காற்று வெகுவாகக் குறைந்துவிடும்.

எதனால் செய்யப்பட்டது?

பழகும் காலத்தில் கிளைடர் விழும் என்பதில் ஐயமே வேண்டாம். எத்தனை முறை விழுந்த பிறகும் அதே மாலையில் திரும்பப் பறக்கும் என்பதே கேள்வி. அதற்கு இன்றைக்குக் கிடைக்கும் பொருள்களில் இபிபி ஃபோமுக்கு இணையாக ஒன்றும் இல்லை. இது விரிவாக்கப்பட்ட பாலிப்ரோப்பிலீன். கார்களின் பம்பருக்குள் அதிர்ச்சி தாங்க வைக்கப்படும் அதே வகைப் பொருள். அருகில் பார்த்தால் சிறுசிறு மணிகள் ஒட்டிக்கிடப்பது தெரியும். கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் குழி மெல்லத் தானாகவே நிரம்பும். மூக்கு நேராகத் தரையில் மோதினால் உள்ளே அமுங்கி, திரும்ப வெளியே வந்து, பெரும்பாலும் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்.

இந்த நெகிழ்ச்சிக்கு ஒரு விலை உண்டு. இபிபி தன்னளவில் விறைப்பாக நிற்காது. அதனால் இறக்கைக்குள் கார்பன் குச்சியோ குழாயோ பதித்திருக்க வேண்டும். மேலே இழை பின்னிய டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன்மேல் வண்ண டேப்பாலோ லேமினேஷன் ஃபிலிமாலோ மூடியிருப்பார்கள். வாங்கும்போது இறக்கையின் இரு முனைகளையும் பிடித்து, துணி பிழிவதுபோல் மெல்ல முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் முறுக்கேறித் தடுத்தால் நல்லது. ஈரத்துணிபோல் வளைந்து கொடுத்தால் அந்த இறக்கை வேகத்தில் படபடக்கத் தொடங்கும், கட்டுப்பாடு கைவிட்டுப் போகும்.

கடைகளில் அதிகமாகக் கிடைப்பது இபிஓ ஃபோம். அச்சில் வார்க்கப்படுவதால் வழுவழுப்பாகவும் விறைப்பாகவும் அழகாகவும் இருக்கும். பறப்பதும் துல்லியமாக இருக்கும். ஆனால் மோதினால் நசுங்கும், சில வேளை துண்டாகவே பிளக்கும். நசுங்கிய இடத்தில் கொதிநீரை ஊற்றினால் பெரும்பாலும் உப்பி மேலே வரும். பிளந்த இடத்தைச் சாதாரண உடனடிப் பசையால் ஒட்டிவிடலாம். புல்தரைச் சரிவு கிடைத்தவர்களுக்கு இது தாராளமாகப் போதும். வெள்ளைத் தெர்மோகோல் போன்ற இபிஎஸ் வேறு. சாதாரண உடனடிப் பசை பட்டால் அது கரைந்துவிடும் என்பதால், என்ன ஃபோம் என்று தெரியாமல் பசைக்குப்பியைத் திறக்க வேண்டாம்.

பால்சா என்ற எடை குறைந்த மரக்கட்டையில் கட்டியவையும், கண்ணாடியிழை, கார்பன் இழை உடல் கொண்டவையும் அழகிலும் பறப்பிலும் ஃபோமை விஞ்சும். அவை இரண்டாவது, மூன்றாவது கிளைடருக்கு உரியவை. இங்கேதான் என் கதையைச் சொல்ல வேண்டும். நான் முதலில் வாங்கியது 2 மீட்டர் இறக்கையுள்ள, பால்சாவில் கட்டி ஒளிபுகும் ஃபிலிம் போர்த்திய ஒரு மிதவைக் கிளைடர். வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் விலாக்கட்டைகள் ஒவ்வொன்றும் தெரியும். அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். விற்றவர் சரிவுக்கும் பொருந்தும் என்றார். அதன் சுமை 16 கிராம். அன்றைக்கு விளிம்பில் காற்று மணிக்கு 30 கிலோமீட்டர். எறிந்த கிளைடர் நேராக மேலே போனது, பிறகு நின்றது, பிறகு மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால்பலகையான எலிவேட்டரை நான் தள்ளத் தள்ள என் தலைக்குமேல் மெல்லப் பின்னோக்கிப் போய் முகட்டுக்குப் பின்னால் மறைந்தது. போய்ப் பார்த்தபோது இறக்கை வேரிலேயே முறிந்து, ஃபிலிம் மட்டும் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது. மொத்தப் பறப்பு ஒரு நிமிடம்கூட இல்லை. கட்டியதற்கு ஆறு வாரம் ஆகியிருந்தது.

வால் உள்ளதா, இல்லாததா?

கிளைடரைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஐலரானும் எலிவேட்டரும் சேர்ந்த எலிவான் என்ற இரண்டே அசையும் பலகைகளைக் கொண்ட வாலில்லாக் கிளைடர், சரிவில் பழகுவதற்கென்றே பிறந்ததுபோன்ற வடிவம். விழுந்தால் உடைவதற்கு வாலும் இல்லை, நீண்ட உடலும் இல்லை. இரண்டு செர்வோ, ஒரு ரிசீவர், ஒரு பேட்டரி என்று உள்ளே இருப்பவையும் குறைவு. சுமார் 1.2 மீட்டர் இறக்கையுள்ள ஸாகி என்ற இபிபி கிளைடர் வந்த பிறகுதான் சரிவில் கிளைடர்களை வேண்டுமென்றே ஒன்றோடொன்று மோதவிட்டு விளையாடும் பழக்கம் பரவலாயிற்று என்றால், இந்த வடிவம் எவ்வளவு அடி தாங்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். எடைமையம் சில மில்லிமீட்டர் பின்னால் போனாலும் மூக்கு மேலும் கீழுமாக ஆடி அடங்காது. தூரத்தில் போனால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கண் குழம்பும். கைப்பிடியைக் கொஞ்சம் அசைத்தாலே துள்ளும் குணமும் உண்டு; பலகைகளின் அசைவை மட்டுப்படுத்தி வைத்தால் அது அடங்கும்.

வாலும் ஐலரானும் உள்ள கிளைடர், கோடு போட்டதுபோல் நேராகப் பறக்கும். மெதுவாகப் பறக்கும்போதும் ஒழுங்காக நடந்துகொள்ளும். மெல்லிய காற்றே அதிகம் வீசும் சரிவுக்கு, 1.5 மீட்டரை ஒட்டிய இபிஓ உடலுடைய இவ்வகைக் கிளைடரையே நான் பரிந்துரைப்பேன். வால் உடலோடு சேரும் இடமே இதன் பலவீனம். அங்கே கார்பன் குச்சி போயிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முதல் பறப்புக்கு முன்பே நீங்களே ஒன்றைப் பதித்துவிடுங்கள்.

மூன்றாவது வகையில் ஐலரான் இருக்காது. இறக்கை முனைகள் மேல்நோக்கி வளைந்திருக்கும், சுக்கானால் மட்டுமே திரும்பும். சமவெளியில் பழக இதைவிடச் சாதுவான கிளைடர் இல்லை. சரிவில் நிலைமை வேறு. சுக்கானைத் திருப்பியதற்கும் கிளைடர் சாய்வதற்கும் இடையில் ஒரு நொடி போய்விடும். பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்தால் மேல்நோக்கி வளைந்த இறக்கை தானாகவே ஒரு பக்கம் சாய்க்கும். மலைமுகத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளிப் பறக்கும்போது அந்த ஒரு நொடி மிக நீண்டது. மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டாத காற்றுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

எந்த வடிவமானாலும் இறக்கையின் குறுக்குவெட்டைப் பாருங்கள். அடிப்பக்கம் தட்டையாகவோ உட்குழிந்தோ இருந்தால் மிதக்கும், காற்றைக் கிழித்து முன்னேறாது. அடிப்பக்கமும் லேசாகக் குவிந்திருப்பதே சரிவுக்கு ஏற்றது.

எவ்வளவு பெரியது?

சிறியதாக இருந்தால் எளிதாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 70 சென்டிமீட்டருக்குக் கீழே போகப் போகக் கிளைடர் கடினமாகிறது. இறக்கையின் அகலமும் பறக்கும் வேகமும் குறையும்போது காற்று இறக்கையை ஒட்டி எப்படி ஓடும் என்பதைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் என்ற அளவு இறங்குகிறது. 20 சென்டிமீட்டர் அகல இறக்கை நொடிக்கு 10 மீட்டரில் பறக்கும்போது அது 1,30,000க்கு மேல் இருக்கும், 10 சென்டிமீட்டர் அகல இறக்கை 8 மீட்டரில் பறந்தால் 55,000க்குள் அடங்கிவிடும். அந்த அளவில் காற்று இறக்கையின் மேல்பரப்பை விட்டு முன்கூட்டியே பிரிந்துவிடுவதால் தூக்குவிசை குறைந்து இழுவிசை கூடுகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் குட்டிக் கிளைடர் துள்ளுவது போதாதென்று, நூறு மீட்டர் தள்ளிப் போனதும் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரியாமல் போகும். அலூலா என்ற 90 சென்டிமீட்டர் கிளைடர், முதுகுப்பையில் கட்டிக்கொண்டு மலையேற வசதியானது என்று பெயர் பெற்றது. மெல்லிய காற்றில் அதன் பறப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனாலும் முதல் கிளைடருக்கு அதுவே என்னளவில் கீழ் எல்லை. 1.2 மீட்டர் நடுநிலையானது. 1.5 மீட்டரைத் தாண்டினால் தூக்கிச் செல்வதும், மேடு பள்ளத்தில் இறக்குவதும், மோதினால் ஏற்படும் சேதமும் சேர்ந்தே பெரிதாகும்.

நிறத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே நிறத்தில் இருந்தால் திருப்பத்தில் குழப்பம் வரும். மேலே அடர்ந்த ஆரஞ்சு, கீழே கறுப்புப் பட்டைகள் என்று வேறுபடுத்திவிடுங்கள்; வண்ண டேப் இரண்டு சுருள் போதும். வெள்ளைக் கிளைடர் வெண்மேகத்துக்கு முன்னால் காணாமல் போய்விடும்.

மோட்டார் வைத்ததை வாங்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. காற்று திடீரென நின்றுபோனால் மோட்டார் காப்பாற்றும் என்பது உண்மை. அடிவாரம் மனிதர் இறங்க முடியாத இடமாக இருந்தால் அதை மறுக்க மாட்டேன். ஆனால் மோட்டாரும் அதற்கான பெரிய பேட்டரியும் சேர்ந்து 100 முதல் 150 கிராம் வரை கூட்டும், மூக்கில் இருக்கும் மடக்கு விசிறி முதல் மோதலிலேயே உடையும். அதைவிட முக்கியமாக, மோட்டார் இருக்கிறவர் காற்றைப் படிக்கப் பழகுவதில்லை.

உள்ளே என்ன இருக்க வேண்டும்?

ட்ரான்ஸ்மிட்டரைக் கிளைடரோடு சேர்ந்து வரும் பொம்மைத் தரத்தில் வாங்காமல், தனியாக, பல கிளைடர்களுக்குப் பயன்படுமாறு வாங்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் 6 சேனல் ட்ரான்ஸ்மிட்டர் போதும். சாய்க்கும் கட்டளையையும் மூக்கைத் திருப்பும் கட்டளையையும் சேர்த்து இரண்டு பலகைகளுக்கும் அனுப்பும் எலிவான் கலப்பு, அசைவின் அளவைச் சுவிட்சால் மாற்றும் வசதி, கைப்பிடியின் நடுப்பகுதியை மென்மையாக்கும் எக்ஸ்போ ஆகிய மூன்றும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். எக்ஸ்போவை 30 சதவீதத்தில் தொடங்கலாம். மோட் 1, மோட் 2 என்று இரண்டு அமைப்புகள் உண்டு. மோட் 2இல் எலிவேட்டரும் ஐலரானும் வலக்கைக்கே வரும், மோட் 1இல் எலிவேட்டர் இடக்கைக்கு வரும். இரண்டில் எது சிறந்தது என்று வாதிடுவது வீண். உங்களுக்குக் கற்றுத்தர இருப்பவர் எதில் பறக்கவிடுகிறாரோ அதையே எடுங்கள். கிளைடர் ஆபத்தில் இருக்கும்போது ட்ரான்ஸ்மிட்டரை அவர் கையில் தர வேண்டியிருக்கும்.

செர்வோ 9 கிராம் வகையில் இருக்கலாம், ஆனால் வாலில்லாக் கிளைடருக்கு உலோகப் பல்சக்கரம் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். தரையில் இறங்கும்போது முதலில் இடிபடுவது எலிவான்தான். பிளாஸ்டிக் பல் ஒன்று உதிர்ந்தால், அடுத்த பறப்பில் அந்தச் செர்வோ ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தத்தளிக்கும், காரணம் எளிதில் பிடிபடாது. பேட்டரியாக நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், 4.8 வோல்ட், நம்பகமானது. அதை மூக்கில் வைத்தால் தேவையான முன்னெடையும் அதுவே ஆகிவிடும், ஈயக்கட்டி சேர்க்க வேண்டியதில்லை. இரண்டு செல் லித்தியம் பாலிமர் பயன்படுத்துவதானால், செர்வோக்கள் அந்த மின்னழுத்தத்தைத் தாங்குமா என்று பாருங்கள், தாங்காதென்றால் இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வைக்க வேண்டும்.

உதிரியாக வாங்கிக் கட்டுவதா, கட்டியதை வாங்குவதா என்பது பொறுமையைப் பொறுத்தது. இபிபியில் வெட்டிய உதிரித் தொகுப்பைக் கட்டி முடிக்க நாலைந்து மாலைப்பொழுதுகள் ஆகும். தானே கட்டியவருக்கு எந்தக் குச்சி எங்கே போகிறது என்பது தெரியும் என்பதால், பழுது பார்ப்பதில் தயக்கம் இருக்காது. பழகுபவர் செய்யும் வேலையில் பழுதுபார்ப்பு கணிசமான பங்கு.

பிறர் பயன்படுத்தியதை வாங்குவதில் தவறில்லை. இறக்கையைப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரு முனைகளும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும், ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தால் கிளைடர் எப்போதும் ஒரு பக்கமே இழுக்கும். எலிவான் கீலை விரலால் அசைத்துப் பாருங்கள், டேப் உரிந்திருந்தால் மாற்றிவிடலாம். நடுவில் கார்பன் குச்சி முறிந்திருந்தால் இறக்கையை வளைக்கும்போது ‘கிரிச்’ என்ற சத்தம் கேட்கும்; அந்தக் கிளைடரை விட்டுவிடுங்கள். பழைய பேட்டரியைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம், புதிது வாங்க வேண்டியதுதான்.

வாங்கிய பிறகு

பல நாடுகளில் ரேடியோ கட்டுப்பாட்டுக் கிளைடரும் ஆளில்லா விமானங்களுக்கான சட்டத்துக்குள் வருகிறது. பதிவு, உயர வரம்பு, பறக்கவிடக் கூடாத பகுதிகள் ஆகியவற்றை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை, எடைமையத்தைச் சரிபார்ப்பது. கையேட்டில் சொன்ன இடத்தில், இறக்கையின் அடியில் இரு பக்கமும் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் இரண்டு விரல்நுனிகளை வைத்துத் தூக்கினால், கிளைடர் மட்டமாகவோ மூக்கு இம்மி கீழாகவோ நிற்க வேண்டும். மூக்கு பாரமான கிளைடர் மந்தமாகப் பறக்கும், ஆனால் பறக்கும்; வால் பாரமானது பறக்கவே பறக்காது.

மலைக்குப் போகும் முன் காற்றில்லாத வேளையில் புல்வெளியில் மட்டமாக எறிந்து பாருங்கள். நேராகச் சறுக்கி இறங்கினால் சரிவுக்குப் போகலாம். அங்கே எறியும்போது காற்றை நேராகப் பார்த்து, மூக்கை அடிவானத்துக்கு ஒரு சிறிது கீழே வைத்து, அழுத்தமாக எறிய வேண்டும். மேல்நோக்கி வீசுவது முதல் நாளில் எல்லோரும் செய்யும் பிழை. கிளைடர் சரிவிலிருந்து விலகி முன்னே போன பிறகே திரும்ப வேண்டும், ஒவ்வொரு திருப்பமும் மலைக்கு எதிர்ப்பக்கமாக, காற்றை நோக்கியே இருக்க வேண்டும். இப்படிச் சரிவின் குறுக்கே இடமும் வலமுமாகப் போய்வந்தால் வானில் ஒரு படுத்த எட்டு உருவாகும். மலைப்பக்கம் திரும்பினால் காற்று பின்னாலிருந்து தள்ளும், தரையைப் பொறுத்த வேகம் இரட்டிப்பாகும், யோசிக்க நேரம் இருக்காது.

போதிய உயரமும் துணிவும் வந்த பிறகு எடைமையத்தை நுணுக்கமாகச் சரிசெய்யலாம். உயரத்தில் மட்டமாகப் பறக்கும்போது மூக்கை 45 பாகை கீழே சாய்த்து, கைப்பிடியை விட்டுவிடுங்கள். கிளைடர் வெடுக்கென்று மேலே எழுந்தால் மூக்கு அதிகப் பாரம்; மூக்கிலிருந்து 5 கிராம் எடுத்துவிட்டு, எலிவேட்டரை மட்டப் பறப்புக்குத் திருத்தி, மறுபடி செய்து பாருங்கள். மேலும் குத்திட்டுக் கீழே போக முயன்றால் உடனே இழுத்து எடுத்து, இறக்கிவிட்டு, அந்த 5 கிராமைத் திரும்ப வையுங்கள். நீண்ட வளைவில் மெல்ல, தானாக மட்டத்துக்கு வருமானால் அந்த இடத்தில் பேட்டரியை அசையாதபடி டேப்பால் கட்டிவிட்டு, அதன் விளிம்பை ஃபோமில் பேனாவால் குறித்துவையுங்கள்.